முன்னால் போன வண்டியின் இனிப்பு

கரும்பு வண்டி ஆலைக்குள் நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல். நுழைகிற வாசலில் சத்தம் அதிகம், தாமதம் கிடையாது. பாரத்தோடு வண்டியை எடை போடுவார்கள். மேலிருந்து ஒரு இரும்புக் குழாய் இறங்கி, கரும்புக்குள் குத்தி, மாதிரி எடுத்துக்கொண்டு ஏறும். அவ்வளவுதான், உள்ளே போகலாம். தாமதமெல்லாம் வெளியேறுகிற வாசலில். இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்து மறுபடி எடைமேடையில் ஏறி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக முடியும். சீட்டில் கரும்பின் எடை இருக்கும், அதன் கீழே இனிப்பு எண் இருக்கும். விவசாயிக்குச் சேரும் சர்க்கரைப் பங்கு அந்த இரண்டையும் வைத்துத்தான். எடையைக் கண்ணால் பார்த்தே ஒருமாதிரி சொல்லிவிடலாம். இனிப்பைச் சொல்ல முடியாது. அதனால் ஓட்டுநர்கள் சீட்டை வாங்கியதும் கீழ் வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அந்தச் சீட்டை அடித்துக் கொடுக்கிறவள் எல்மா. வண்டி எண்ணைத் தட்டி பொத்தானை அழுத்தினால், பச்சை எழுத்துத் திரை அப்படியே உறைந்துவிடும். மூலையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி வந்து உட்காரும். அது போகிறவரை எந்த விசையும் வேலை செய்யாது. எல்மா மடியில் இருக்கிற நூல்கண்டை எடுத்துக் குரோஷே பின்ன ஆரம்பிப்பாள். அரவை தொடங்கி ஒன்றரை மாதத்தில் அது பாதி மேசை விரிப்பாகியிருந்தது.

“இதுல பாதி உங்க மெஷின் பின்னினது, இண்டாய். கிறிஸ்துமஸுக்கு யாருக்காவது குடுத்தா உன் பேரையும் சேர்த்துச் சொல்லணும்” என்பாள் ஜெர்லியிடம். இளம்பெண்களை அந்த ஊரில் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜெர்லிக்குச் சிரிப்பு வராது. மெஷினைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தன்னைச் சொல்வதாகவே அவளுக்குத் தோன்றும். கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டே பேர். எலியேசர் சார் ஒருவர், அவள் ஒருத்தி. பகோலோத் நகரத்தில் மாலை வகுப்புக்குப் போய் ஆர்.பி.ஜி. என்ற புரோகிராம் மொழியைப் படித்து, அந்தச் சான்றிதழின் மசி காயும் முன்பே இந்த வேலையில் சேர்ந்தவள். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் ஜீப்னி பிடித்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்க்கிற ஜாதி அவள்.

வெளியே போக முடியாத வண்டிகள் முற்றத்தில் நிறைந்தன. முற்றம் நிறைந்ததால் உள்ளே வர வேண்டியவை சாலையில் நின்றன. வெயிலில் நிற்கிற கரும்பு நிற்க நிற்கப் புளிக்கும். பெரிய பண்ணைக்காரர்கள் மேலாளருக்குத் தொலைபேசியில் கத்தினார்கள். மேலாளர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எல்மாவின் திரைக்குப் பத்து டன் லாரியும் ஒன்றுதான், டிராக்டருக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வரும் குட்டை டிரெய்லரும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே நேரம் பிடிக்கும். ஆகவே ஜனவரியிலிருந்து சின்ன வண்டிகளை நிறுத்திவிடலாம். சின்ன விவசாயிகள் சாலைச் சந்திப்பில் இருக்கிற வியாபாரிகளிடம் கரும்பைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் லாரியில் சேர்த்துக் கொண்டுவருவார்கள்.

வியாபாரி இனிப்பு பார்க்க மாட்டான். எடைக்கு ஒரு விலை, அதுவும் அவன் சொல்கிற எடை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஜெர்லியின் அண்ணன் அர்செனியோ ஓட்டியது ஒரு குட்டை டிரெய்லர். அவர்கள் கிராமத்தில் எட்டு குடும்பங்களின் கரும்பு அவன் வண்டியில்தான் ஆலைக்கு வந்தது. ஜனவரியிலிருந்து அவனுக்கு ஓட்ட எதுவும் இருக்காது.

“புது மெமரி வேணும்னு மணிலாவுக்கு எழுதியிருக்கேன்” என்றார் எலியேசர் சார். “சீசன் முடிஞ்சப்புறம் வரும். அதுக்குள்ள உன்னால ஏதாவது முடியுமா பாரு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வரிசை குறைஞ்சா நான் மேலாளர்கிட்ட பேசறேன். குறையலைன்னா என் வாயில பேச எதுவும் இருக்காது.”

ஜெர்லி எல்மாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நாலு நாள் எதையும் மாற்றவில்லை. எந்த வண்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தாள். பிறகு புரோகிராமை அச்செடுத்து, பென்சிலோடு வரி வரியாக இறங்கினாள்.

முதலில் கண்ணில் பட்டது விவசாயிகள் கோப்பு. எண் தெரிந்த விவசாயியை நேராக எடுக்காமல், முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டே போய்த் தேடியது புரோகிராம். கோப்பில் இருநூறு பேர் இருந்த காலத்தில் யாரோ எழுதியது. அதை மாற்றினாள். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை.

சீட்டுகளை ஒவ்வொன்றாக டிஸ்க்கில் எழுதாமல் ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து வைத்து எழுதினால் என்ன என்று யோசித்தாள். வகுப்பில் அதை ஒரு நல்ல வித்தையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது மின்சாரம் போகிற ஊர் இது. போனால் எழுதக் காத்திருக்கும் சீட்டுகள் அத்தனையும் காற்றோடு போகும். வேண்டாம் என்று அடித்துவிட்டாள்.

உண்மையான கோளாறு கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் புரோகிராம் ஏழு கோப்புகளைத் திறந்தது, வேலையை முடித்தது, கடைசியில் ‘எல்லாம் தீர்ந்தது’ என்று ஒரு அடையாளத்தை ஏற்றியது. அந்த அடையாளத்தைப் பார்த்ததும் மெஷின் ஏழு கோப்புகளையும் மூடி, புரோகிராமின் நினைவைத் துடைத்துக் கழுவிவிடும். அடுத்த வண்டி வந்தால் மறுபடி ஏழையும் திறக்க வேண்டும். ஒரு தீப்பெட்டி விற்றதும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுத்த ஆள் கூப்பிட்டதும் வந்து திறக்கிற கடைக்காரி மாதிரி. எல்மா பின்னியதெல்லாம் பூட்டும் சாவியுமாகக் கழிந்த அந்த நேரத்தில்தான்.

ஜெர்லி அந்த அடையாளத்தை எடுத்துவிட்டாள். இனி புரோகிராம் வேலை முடிந்ததும் கடையை மூடாது, கல்லாவின் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்.

சோதனைக்கு ஒரு நாளின் வண்டிகளை எடுத்துக்கொண்டாள். குழப்பமில்லாத நாளாக இருக்கட்டும் என்று தேடி, எல்லா விவரமும் முழுதாக இருந்த ஒரு சனிக்கிழமையை எடுத்தாள். பழைய புரோகிராமில் ஓட்டினாள், புதியதில் ஓட்டினாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளி மாறவில்லை. மறுநாள் மறுபடி பார்த்தாள். அதற்கு மறுநாளும்.

“இன்னும் எத்தனை தடவை பார்ப்ப? அதுக்குள்ள கரும்பு பூ விட்டுடும். போட்டுடு” என்றார் எலியேசர் சார்.

போட்டாள். பெருக்கல் குறி வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. சீட்டு அச்சாகிற சத்தம்தான் இப்போது தாமதம். அந்த வாரக் கடைசியில் சாலையில் ஒரு வண்டி நிற்கவில்லை. எலியேசர் சார் வெல்லம் வைத்த பியாயா ரொட்டி ஒரு பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்தார். ஜனவரி உத்தரவைக் கிறிஸ்துமஸ் வரை கையெழுத்திடாமல் வைத்திருப்பதாக மேலாளர் சொல்லிவிட்டாராம்.

“என் மேசை விரிப்பு பாதியில நிக்குது, உனக்குத் திருப்தியா?” என்றாள் எல்மா.

ஜெர்லிக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தூங்கினாள்.

அதற்கப்புறம் எல்மா ஒரு புது விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். வெளியேறுகிற வாசலில் சண்டை.

“முன்னெல்லாம் நான் முந்தி நீ முந்தின்னு சண்டை போடுவானுங்க. இப்ப நீ போ நீ போன்னு சண்டை. கேட்டியா இந்தக் கூத்தை? ஒரு டிராக்டர்காரன் மேடைக்கு முன்னாடி வந்து வண்டியை நிறுத்திட்டு இறங்கி டயரைப் பார்க்கறான். டயர்ல ஒண்ணுமில்ல. பின்னாடி கொன்சுவேலோ பண்ணை லாரி வருது, அதை முன்னாடி விடறான். விட்டதும் தாவி ஏறி அது வாலைப் பிடிச்சுக்கிட்டே மேடைக்கு வரான்.”

“எதுக்கு?”

“யாருக்குத் தெரியும்? ஓட்டுநருங்க புத்தி.”

அன்று மாலை வகுப்பு இல்லை. ஆலைக்கு எதிரே இருக்கிற பட்சோய் கடையில் அர்செனியோ உட்கார்ந்திருந்தான். எதிரில் ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணம். தங்கையைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“உக்காரு. இன்னிக்கு நான் வாங்கித் தரேன். ஈரல் நிறையப் போடச் சொல்லவா?”

“என்ன மனோங், லாட்டரி விழுந்துதா?” அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“அதுக்கும் மேல. பாரு.” சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் தட்டினான். “எவ்வளவு இனிப்பு பார்த்தியா? நம்ம ஊர் கரும்பு எந்தக் காலத்துல இந்த எண்ணைப் பார்த்துச்சு? கொன்சுவேலோ லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்தேன். அவங்க இனிப்பு மேடையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்குமாம். சூடு ஆறறதுக்குள்ள ஏறிடணும்.”

“யார் சொன்னது?”

“எல்லாரும்தான். சும்மா இல்ல இண்டாய், நாங்க பரீட்சை பண்ணிப் பார்த்துட்டோம். டேசியோ கொன்சுவேலோவுக்குப் பின்னாடி போனான், உசந்தது. மலையடி லாரிக்குப் பின்னாடி போனான், விழுந்தது. மலையடிக்காரன் வெட்டி ரெண்டு நாள் வெயில்ல போட்ட கரும்பை எடுத்துட்டு வரான், அந்தப் புளிப்பு மேடையைப் பிடிச்சுக்குது. அதான் அவனுக்குப் பின்னாடி இப்ப ஒருத்தனும் போறதில்ல. பசிதா மனாங்கைத்தான் அங்க தள்ளிவிட்டுடுவோம்.”

கடைக்காரி ஜெர்லியின் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஜெர்லி கரண்டியை எடுக்கவில்லை.

“பசிதா மனாங்கையா?”

“ஆமா, அந்த அக்காவைத்தான். அவங்களே டிராக்டர் ஓட்டிட்டு வராங்க, புருஷன் போனப்புறம். பாவம், யாரோடயும் சண்டைக்கு வர மாட்டாங்க. போன்னா போயிடுவாங்க.” அர்செனியோ சூப்பை உறிஞ்சினான். அவன் முகம் கொஞ்சம் வாடியது. “அவங்க கரும்பும் இந்த வருஷம் சரியில்ல போல. எண் தினமும் கீழதான். நிலத்தைக் கொன்சுவேலோவுக்கே குத்தகைக்கு விட்டுடறதா சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கையெழுத்தாம்.”

“மனோங், இந்த எண், கொன்சுவேலோ சீட்டுல இருந்ததும் இதேதானா?”

“அட, அதான் அதிசயம்! புள்ளிக்கு அப்புறம் இருக்கறது உட்பட அதே. அவன் டிரைவர் காட்டினான்.”

இனிப்பு ஒட்டிக்கொள்கிற இடம் எடைமேடை இல்லை என்று ஜெர்லிக்குத் தெரிந்துவிட்டது. கல்லாவின் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கடைக்காரி முந்தைய வாடிக்கையாளரை மறக்கவில்லை.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்குள் திரையின் முன் உட்கார்ந்தாள். சந்தேகப்பட்டதுதான். குழாய், உயரமான லாரிகளுக்கென்று வைத்தது. குட்டை டிரெய்லருக்கு அது எட்டாது. எட்டாத வண்டிக்கு ஆய்வகத்தின் கோப்பில் பதிவே இருக்காது. முன்பெல்லாம் புரோகிராம் அந்தப் பதிவைத் தேடும், கிடைக்காது, நினைவில் எதுவும் இல்லாததால் சீட்டில் பூஜ்யம் அச்சாகும். மாலையில் ஆய்வகத்தார் அன்றைய பூஜ்யங்களைப் பொறுக்கி எடுத்து, அந்த வாரம் ஆலைக்கு வந்த மொத்தக் கரும்பின் சராசரியை ஒவ்வொன்றிலும் இடுவார்கள். பூஜ்யம் என்றால் இனிப்பு இல்லை என்பதல்ல, தெரியவில்லை என்பதுதான்.

இப்போது நினைவைத் துடைப்பதில்லை. பதிவு கிடைக்காவிட்டால், முன்னால் போன வண்டியின் எண் அங்கேயே கிடக்கிறது. புரோகிராம் அதையே எடுத்து அச்சடித்துவிடுகிறது. பூஜ்யமே விழுவதில்லை, அதனால் மாலையில் பொறுக்கவும் ஒன்றும் இல்லை. ஆய்வகத்தார் குழாய் சரியாக வேலை செய்கிறது போலிருக்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சோதனைக்கு எடுத்த அந்தச் சனிக்கிழமையை மறுபடி திறந்து பார்த்தாள். எல்லா விவரமும் முழுதாக இருந்த நாள். ஏன் முழுதாக இருந்தது? அன்று ஏதோ திருவிழா, சின்ன விவசாயிகள் யாருமே கரும்பு வெட்டவில்லை. ஒரு குட்டை டிரெய்லர்கூட வரவில்லை. குழப்பமில்லாத நாளைத் தேடி எடுத்தபோது அவர்களைத்தான் அவள் விலக்கியிருந்தாள்.

சரிசெய்ய இரண்டு வரி போதும். புரோகிராம் கண் விழித்ததும் இனிப்பு எண்ணைப் பூஜ்யமாக்கு என்று ஒரு வரி, பதிவு கிடைக்காவிட்டாலும் பூஜ்யமாக்கு என்று இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. எலியேசர் சாரிடம் ஒரு விதி உண்டு. விவசாயியின் கணக்கில் கைவைத்துத் தப்பு செய்த புரோகிராம் எதுவானாலும் அந்த நிமிடமே பழையதைத் திருப்பிப் போட வேண்டும், சீசன் முடிகிறவரை தொடக்கூடாது. பழையது வந்தால் வரிசையும் வரும். வரிசை வந்தால் மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அர்செனியோவும் அந்த எட்டு குடும்பமும் சந்திப்பில் வியாபாரியின் தராசுக்கு முன்னால் நிற்பார்கள். சொல்லாமல் இருந்தால் அதெல்லாம் நடக்காது.

சொல்லாமல் இருந்தால் பசிதா ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுவாள். இனி விழப்போகிற எண்களை அந்த இரண்டு வரி சரிசெய்யும். விழுந்த எண்களை அது தொடாது.

எலியேசர் சார் வந்து பையை மாட்டுவதற்குள் ஜெர்லி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தாமதித்தால் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டிரைவருங்க சண்டை போட்டது இதுக்கா?”

“ஆமா சார்.”

“மேடையில இனிப்பு ஒட்டிக்குதுன்னு?”

“ஆமா சார்.”

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதை இருமலாக்கினார். அப்புறம் சிரிப்பு முழுதாகப் போய்விட்டது. “பழையதைத் திருப்பிப் போடு.”

“சார், ரெண்டு வரி...”

“ரெண்டு வரின்னு தெரியும். நீ எடுத்தது ஒரு வரி, ஞாபகம் இருக்கா? அதுக்கும் மூணு தடவை பார்த்தேன்னு சொன்ன.”

ஜெர்லி தன்னைப் பற்றித் தானே தினமும் சொல்லிக்கொள்வதைத்தான் அவர் சொன்னார். வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பினாள்.

“நாளைக்கு வியாழக்கிழமை சார். சுத்தம் பண்ண ஆலையை நிறுத்துவாங்க, வண்டி வராது. புதுசு போட்ட நாள்லேர்ந்து வந்த எல்லா வண்டியையும் பழையதுலயும் ஓட்டறேன், திருத்தினதுலயும் ஓட்டறேன். ஒரு நாளை மட்டும் எடுக்க மாட்டேன், எல்லா நாளும். மாதிரி இல்லாதது, நம்பர் தப்பாத் தட்டினது, பாதியில மின்சாரம் போனது, எதையும் விட மாட்டேன். ஒரு வரி மாறினாலும் நானே பழையதைப் போட்டுடறேன்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்குப் பழையதே ஓடட்டும்.”

அவர் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். “ஒரு வரி மாறினாலும் பழையதுதான்” என்றார்.

அன்று எல்மா மறுபடி நூல்கண்டை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் வண்டிகள் சாலைக்கு வந்துவிட்டன. மேலாளரின் அறையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை ஆலை நின்றது. அந்த அமைதியில் அச்சு இயந்திரம் ஒன்றுதான் கத்திக்கொண்டிருந்தது. ஜெர்லி இரண்டு முடிவுகளையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். மாறுகிற வரியை மட்டும் அது அச்சடிக்கும். ஓட்டினாள். வெறும் தாள் வந்தது.

எலியேசர் சார் எட்டிப் பார்த்தார். “ஒண்ணும் மாறலையா?”

“ஒண்ணும் வரலை சார்.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

“போன தடவையும் இப்படித்தான் வந்தது.”

அவள் திருத்திய முடிவுக்குள் போய், எங்கோ நடுவில் ஒரு டிரெய்லரின் பூஜ்யத்தை வேண்டுமென்றே ஒன்றாக்கினாள். மறுபடி ஒப்பிட்டாள். தாளில் ஒரே ஒரு வரி வந்தது, அந்த டிரெய்லர். பூஜ்யத்தைத் திருப்பி வைத்தாள், மறுபடி வெறும் தாள். பிறகு எடையில் ஒன்றைக் கெடுத்தாள், விவசாயி எண்ணில் ஒன்றைக் கெடுத்தாள். கெடுத்ததையெல்லாம் அது பிடித்தது. அப்போதுதான் அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

“இப்ப நம்பறியா?” என்றார் அவர்.

“கொஞ்சம் சார்.”

அன்று மத்தியானம் எலியேசர் சார் மேலாளரிடம் போனார். என்ன பேசினார் என்று முழுதாகச் சொல்லவில்லை. தவறாகப் போன எண்களுக்கெல்லாம் வாரச் சராசரியை இடச் சொல்லி உத்தரவு. கூடுதலாகப் பெற்றவர்களுக்குக் குறையும், குறைவாகப் பெற்றவர்களுக்குக் கூடும். வேகமான புரோகிராம் இருக்கட்டும். சின்ன வண்டிகள் இந்தச் சீசன் முடிகிறவரை வரட்டும். அடுத்த சீசனைப் பற்றி அப்போது பார்க்கலாம்.

“பொண்ணு பேர் என்னன்னு கேட்டார்” என்றார் அவர். “நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியலை. சொல்லிட்டேன்.”

வெள்ளிக்கிழமை ஆலை மறுபடி ஓடியது. அர்செனியோ கொன்சுவேலோ லாரிக்குப் பின்னால் கச்சிதமாக ஒட்டிக்கொண்டு மேடையேறி, சீட்டை வாங்கி, கீழ் வரியைப் பார்த்தான். அங்கேயே எஞ்சினை நிறுத்திவிட்டு எடைமேடை அறைக்குள் வந்தான்.

“திரும்பவும் பழைய பூஜ்யமா? நான் என்ன மூங்கிலா கொண்டுவந்தேன்?”

எல்மா கையைத் தூக்கி ஜெர்லியைக் காட்டினாள். ஜெர்லி சொன்னாள். அண்ணன் கேட்கக் கேட்க அவன் கையிலிருந்த தொப்பி சுருங்கிக்கொண்டே போனது.

“அப்போ அன்னிக்கு நான் பட்சோய் கடையில காட்டினது?”

“அது கொன்சுவேலோவோட எண், மனோங். உன்னோடது திரும்பக் குறையும்.”

“வீட்டுக்கு வா, பேசிக்கறேன். எட்டு வீட்டுக்கும் நான் சொல்லியாச்சு. பன்றி அடிக்கறதா ஒருத்தர் முடிவே பண்ணிட்டார்.” கதவு வரை போனவன் நின்றான். பின்னால் ஹாரன்கள் அலறின. “வரிசை?”

“வராது. இது வேகமாத்தான் ஓடும்.”

“ஜனவரி?”

“வரலாம். சீசன் முடியற வரைக்கும்.”

அவன் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “இதை முதல்ல சொல்லித் தொலைக்க மாட்டியா?” என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் வண்டியை எடுத்தான்.

ஜெர்லி உள்ளே நுழைகிற வாசல் பக்கம் நடந்தாள். பசிதாவின் டிரெய்லர் கரும்போடு அங்கே காத்திருந்தது. முன்னால் ஒரு மலையடி லாரி. பசிதா ஓட்டுநர் இருக்கையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கறுத்த, கொஞ்சம் கனத்த உடம்பு, ஐம்பது வயதிருக்கும்.

“மனாங், நான் ஆலையில கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கறவ. அர்செனியோ தங்கச்சி.”

“தெரியும். சின்னதுல எங்க கொய்யா மரத்துலேர்ந்து விழுந்தியே.”

ஜெர்லி எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் மூன்று விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். மூன்றும் போய்விட்டன. “உங்க சீட்டுல வந்த எண் எல்லாம் உங்களோடது இல்ல, மனாங். உங்களுக்கு முன்னாடி போன வண்டியோடது. நான் எழுதினதுல தப்பு. இனிமே பழையபடி பூஜ்யம்தான் வரும். அப்படின்னா எங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். சாயங்காலம் சராசரியைப் போடுவாங்க. முன்னாடி விழுந்ததையும் மாத்தறாங்க.”

முன்னால் இருந்த லாரி கொஞ்சம் நகர்ந்தது, பசிதா நகரவில்லை.

“என் கரும்பு கெட்டுப் போகலையா?”

“அது எங்களுக்குத் தெரியாது. குழாய் உங்க வண்டிக்கு எட்டவே இல்ல. உங்க கரும்பை யாரும் பார்க்கலை.”

“தினமும் காலையில அதுங்களைத் திட்டிக்கிட்டிருந்தேனே” என்றாள் பசிதா. “அவர் இருக்கறப்ப ஒழுங்கா இருந்தீங்க, நான்னா இளக்காரமான்னு. உரம் வெச்சேன், களை எடுத்தேன், என்ன குறைன்னு. வெட்டின அடியில துளிர்த்த மறுதாம்பையெல்லாம் பிடுங்கி எறியக் கூலிக்கு ஆளே பேசிட்டேன்.”

அவள் இருக்கையிலிருந்து இறங்கினாள். டிரெய்லரின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கரும்பை இழுத்தாள். வரவில்லை. காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள். முட்டியில் வைத்து முறித்து, பல்லால் தோலைச் சீவித் துப்பிவிட்டு, ஒரு துண்டை ஜெர்லியிடம் நீட்டினாள்.

“யாரும் பார்க்கலைன்னியே. இந்தா, நீ பாரு.”

ஜெர்லி வாங்கிக் கடித்தாள். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. பசிதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிக்குதா?”

“இனிக்குது, மனாங்.”

“எவ்வளவு?”

ஜெர்லி மென்றுகொண்டே யோசித்தாள். “அது எனக்குத் தெரியலை.”

பசிதா இன்னொரு துண்டை முறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள், ஒரு கடைக்காரி நாணயத்தைச் சோதிக்கிற மாதிரி. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு” என்றாள். “பூசைக்கு மட்டும்.”

சக்கையைத் துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். டிரெய்லரின் பின்பலகையில் வண்டி எண் மங்கிய வெள்ளையில் எழுதியிருந்தது. ஜெர்லி அதை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். அறைக்குத் திரும்பியதும், பிசுபிசுக்கிற விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இனி வரும் சோதனைகளுக்கான கோப்பின் முதல் வரியில் அதைத் தட்டினாள்.